அடுத்தடுத்த வாசல்கள்: தாராவியில் புதுமை பிறக்கும் இடம்

மும்பையின் குடிசைப் பகுதியான தாராவியில், 13-ஆம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் தரம் பிரிப்பவருக்கு ஆய்வுக்கூடம் கிடையாது. துண்டை ஒடித்து ஓசை கேட்பார். நுனியைக் கொளுத்தி முகர்வார். மெழுகுவத்தி வாடை வந்தால் பாலிஎத்திலீன். மூக்கைக் காந்தினால் பி.வி.சி. தண்ணீரில் முன்னது மிதக்கும், பின்னது மூழ்கும். பிரித்ததை அரைத்து, கழுவி, கூரைமேல் உலர்த்தி, உருக்கிக் குருணையாக்குகிறார்கள். அரவை இயந்திரத்தைச் செய்து தரும் பட்டறைகளும் தாராவியிலேயே உண்டு.

கையில் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கும் இந்தத் திறனை ‘ஜுகாட்’ என்று மேலாண்மை நூல்கள் மெச்சுகின்றன. புதுமையைத் தனியொருவரின் சாமர்த்தியத்தில் மட்டும் தேடினால், அவரைத் தாங்கி நிற்கும் தெரு கண்ணில் படாது. ஒரே தொழில் ஓரிடத்தில் குவிந்தால் அதன் நுணுக்கங்கள் ஊர்ப்பொதுவாகிவிடும் என்று பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-லேயே எழுதினார். தாராவிக்கு அந்த விளக்கமே பொருந்துகிறது.

தோல் தொழிலையே பார்க்கலாம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள் அங்கே தோல் பதனிடுதலை வளர்த்தார்கள். சுற்றுச்சூழல் காரணமாகப் பதனிடும் தொழில் பின்னாளில் வெளியேற நேர்ந்தது. ஆனாலும் தோல் தாராவியை விட்டுப் போகவில்லை. பையாகவும் பெல்ட்டாகவும் பர்ஸாகவும் உருமாறியது. வெட்டுபவர், தைப்பவர், கொக்கி விற்பவர், கடனுக்குச் சரக்குக் கொடுப்பவர் எல்லோரும் கூப்பிடு தூரத்தில் இருந்ததால்தான் இந்த மாற்றம் சாத்தியமானது. காலையில் ஒரு மாதிரி தைத்து, பிடிக்காவிட்டால் மாலைக்குள் மாற்றலாம். தாராவியின் கும்பார்வாடா பகுதியிலும் இதே நெருக்கம்தான். சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் சூளையில் அங்கே எரிவது கழிவுப் பஞ்சும் துணித் துண்டும். ஒருவர் கழித்தது இன்னொருவருக்கு விறகு.

அந்தச் சூளைப் புகையைக் குயவர் குடும்பமே சுவாசிக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். முகர்ந்து தரம் பிரிப்பவர் நுரையீரலைப் பணயம் வைக்கிறார். சோதனை தோற்றால் அடுப்பு எரியாது என்பதால், மாற்றங்கள் சிறிதாகவே வருகின்றன. வறுமை புதுமையை வளர்க்கிறது என்ற வாதம் இங்கே நிற்காது. நெருக்கமும் நம்பிக்கையும் வளர்த்ததை வறுமை குறுக்குகிறது.

இந்த நெருக்கத்தை இப்போது மறுசீரமைப்புத் திட்டம் கலைக்கக்கூடும். தாராவி மறுசீரமைப்பு ஒப்பந்தப் புள்ளியில் 2022-இல் அதானி குழுமம் வென்றது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. மாடியில் வாடகைக்கு இருந்து கீழே தைப்பவர் இந்தக் கணக்கில் வர மாட்டார். நல்ல வீடும் கழிப்பறையும் அம்மக்களுக்கு நெடுநாள் கடன், அதில் மறுபேச்சில்லை. ஆனால் வெட்டுபவர் ஒரு பேட்டையிலும் தைப்பவர் வேறு பேட்டையிலும் போய் விழுந்தால், இருவருக்கும் கூரை இருந்தும் தொழில் இராது. திட்ட வரைபடத்தில் கைவைக்கும் முன், எந்தப் பட்டறை எந்தப் பட்டறையிடம் சரக்கு வாங்குகிறது என்ற கணக்கைத் தெருத் தெருவாக எடுக்க வேண்டும்.