கடலில் போன் பேசினால் மீனவர் வருமானம் கூடுமா? கேரள ஆய்வு சொல்வது என்ன?

காயல்பட்டினம் சிங்கித்துறை, கொம்புத்துறை மீனவர்களுக்கு இப்போது வலை மாதிரி செல்போனும் ஒரு தொழில் கருவி. சரி, போன் இருந்தா வலையில கூடுதலா மீன் விழுமா? விழாது. ஆனால் விழுந்த மீன் வீணாகாமல் காசாகும். இதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே ஆதாரம் இருக்கிறது.

வடகரையில் என்ன நடந்தது?

1997 ஜனவரி 14. கேரளாவின் வடகரையில் 11 மீனவர்கள் பிடித்து வந்த சாளை மீனை வாங்க ஆளில்லை. அத்தனையும் வீண். அதே நேரம், 15 கிலோமீட்டர் தூரத்துக்குள் இருந்த சந்தைகளில் 27 பேர் மீன் கிடைக்காமல் காத்திருந்தார்கள். கடலில் இருப்பவருக்கு அது தெரிய வழியே இல்லை.

அந்த ஆண்டு முதல் 2001-க்குள் வடகேரளக் கரையோரம் செல்போன் சேவை வந்தது. கடலுக்குள் 20 முதல் 25 கிலோமீட்டர் வரை சிக்னல் கிடைத்தது. எந்தக் கரையில் விலை என்று கேட்டுவிட்டுப் படகைத் திருப்ப முடிந்தது.

பலன் எவ்வளவு?

பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி:

* முன்பு 5 முதல் 8 சதவீத மீன் வீணானது. அது கிட்டத்தட்ட நின்றுபோனது.
* மீனவர்களின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது.
* மக்கள் வாங்கும் விலை 4 சதவீதம் குறைந்தது.

எல்லோருக்கும் இது பொருந்துமா?

இல்லை. வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், அவரிடம்தான் மீனைப் போட வேண்டும். அடுத்த கரையில் நல்ல விலை என்று போனில் தெரிந்தாலும் படகைத் திருப்ப முடியாது. கேரள மீனவர்களிடம் பின்னாளில் நடந்த ஆய்வுகளும் இதைச் சுட்டிக்காட்டின.

சிக்னல் இல்லாத இடத்தில்?

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயலின்போது, ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அதன்பிறகு 2019-ல் 'ஜெமினி' கருவி அறிமுகமானது. செயற்கைக்கோள் வழியாக வானிலை எச்சரிக்கையும் மீன் அதிகம் கிடைக்கும் இடங்களின் விவரமும் இதில் வரும். மீன் இருக்கும் இடம் முன்பே தெரிந்தால் தேடி அலையும் நேரமும் டீசலும் மிச்சம். ஆனால் இதில் தகவல் வாங்கத்தான் முடியும், பதில் அனுப்ப முடியாது. விசைப்படகுகளில் பொருத்தப்படும் இஸ்ரோ டிரான்ஸ்பான்டரில் படகில் இருந்தும் தகவல் அனுப்பலாம்.

கரையிலும் சிக்னல் நிரந்தரம் இல்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தூத்துக்குடி மாவட்டத்தின் பல இடங்களில் செல்போன் சேவையே முடங்கியது. அதனால் கடலுக்குக் கிளம்பும் முன்பே வானிலை அறிவிப்பைப் பார்த்துவிடுவதுதான் பாதுகாப்பு.