ஆனைக்கற்றாழைக் குடும்பம்: காடும் கழனியும்

வேலியோரங்களிலும் ரயில் பாதையோரங்களிலும் நாம் பார்க்கும் ஆனைக்கற்றாழை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. சோற்றுக்கற்றாழைக்கும் அதற்கும் தோற்றத்தில்தான் ஒற்றுமை, நெருங்கிய உறவு கிடையாது. அது சேர்ந்த அகேவ் பேரினத்தில் 200-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை மெக்சிகோவில் வளர்கின்றன. உறவுப் பேரினங்களோடு தனிக்குடும்பமாக எண்ணப்பட்டுவந்த இதை 2009-ஆம் ஆண்டு வகைப்பாடு தண்ணீர்விட்டான் குடும்பத்துக்குள் சேர்த்துவிட்டது. இந்த இனங்களைக் காட்டுச்செடி, பயிர்ச்செடி என்று இரண்டாகப் பிரித்துப் பட்டியலிடுவது வழக்கம். அகேவைப் பொறுத்தவரை அந்தக் கோடு நிற்காது. காட்டுச்செடி என்று எழுதப்பட்டவற்றுள் சில, உழவர் விட்டுப்போன பயிர்கள்.

சான்று அரிசோனா பாலைநிலத்தில் கிடக்கிறது. டூசான் நகருக்கு வடக்கே மரானா பகுதியில் ஹோஹோகாம் என்ற பழங்குடி மக்கள் 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் குவித்த கற்குவியல்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. கற்களின் இடுக்கில் அகேவ் கன்றை நட்டார்கள். கல் ஈரத்தைக் காத்தது, வேரைக் கொறிக்கும் பிராணிகளையும் தடுத்தது. அருகிலேயே செடியின் நடுத்தண்டைச் சுட்ட பெரிய குழிகளும், மடல் அரியும் தட்டைக் கற்கத்திகளும் அகப்பட்டன. இதே மாநிலத்தின் டோன்டோ வடிநிலத்தில் அகேவ் டெலமாட்டெரி என்ற இனம் பழங்குடியிருப்புகளை ஒட்டியே காணப்படுகிறது. முளைக்கும் விதை அதில் அரிது. செடிக்குச் செடி வேறுபாடும் மிகக் குறைவு. மனிதர் கன்றாக நட்டுப் பரப்பியதன் அடையாளம் இது.

வாழையைப் போல் பக்கக்கன்று விடும் செடி தானே பரவியிருக்கக் கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பக்கக்கன்று தாய்ச்செடியின் காலடியில்தான் முளைக்கும். மலையையும் ஆற்றையும் தாண்டி ஒரு குடியிருப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவாது. மக்காச்சோளத்தைப் போல் உருவே மாறவில்லையே, இதைப் பயிர் என்பதா என்ற மறுப்பும் உண்டு. கன்றைப் பெயர்த்து நடும் வேளாண்மையில் மாற்றம் அப்படி வெளிப்படையாகத் தெரியாது. முள் குறைந்ததும் இனிப்பு மிகுந்ததும் பிழைக்கும், அவ்வளவே. கயிற்று நாருக்காக வளர்க்கும் சிசால் என்ற அகேவின் மடலோரத்தில் பெரும்பாலும் முள்ளே இல்லை. விதையும் அதற்கு ஏறக்குறைய இல்லை.

கன்றால் பெருக்குவதன் வேகமும் ஆபத்தும் ஒன்றாகவே வருகின்றன. 1893-இல் ஜெர்மானிய வேளாண் வல்லுநர் ரிச்சர்ட் ஹிண்டார்ஃப் ஃபுளோரிடாவிலிருந்து வரவழைத்த 1000 சிசால் கன்றுகளில் 62 மட்டுமே கிழக்கு ஆப்பிரிக்காவில் உயிரோடு கரையேறின. இன்றைய தான்சானியாவின் பெருந்தோட்டங்கள் அவற்றின் வழிவந்தவை. மெக்சிகோவின் டெக்கீலா மதுவுக்கு விதிப்படி நீல அகேவ் ஒன்றே ஆகும். அது பூத்தால் சர்க்கரை தண்டுக்குப் போய்விடும் என்று பூந்தண்டை முளையிலேயே வெட்டிவிட்டுக் கன்றையே நட்டுவந்தார்கள். 1990-களின் இறுதியில் அழுகல் நோய் வந்தபோது, ஒரே அச்சில் வார்த்த அந்தச் செடிகள் கூட்டங்கூட்டமாக விழுந்தன. இப்போது சில உழவர்கள் வயலில் ஒரு பகுதியைப் பூக்க விடுகிறார்கள். தேன் தேடி வரும் நீள்மூக்கு வௌவால்கள் மகரந்தம் சேர்க்க, பயிரிலும் பழையபடி விதை பிடிக்கிறது.