வலியும் எதிர்மறைச் சிந்தனையும்

வலியைப் பற்றிய அச்சமும் அவநம்பிக்கையும் அந்த வலியையே கூட்டும் என்பது உளவியலும் நரம்பியலும் சேர்ந்து கண்ட முடிவு. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மெய்யியலாளர் டேக்கார்ட், காயத்திலிருந்து மூளைக்கு நரம்பு வழியே நேராகச் செய்தி போவதாகக் கருதினார். காயம் எவ்வளவோ வலி அவ்வளவு என்ற அந்தக் கணக்கு நெடுங்காலம் நின்றது. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் ஆன்சியோ முனையில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர் அதை அசைத்தார். பலத்த காயம்பட்ட வீரர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் வலிமருந்து வேண்டாம் என்றதை 1946இல் எழுதினார். காயம் அவர்களுக்குப் போர்முனையிலிருந்து விடுதலை என்பது அவர் பின்னர் தந்த விளக்கம். ஆடிக் கிருத்திகையில் திருப்போரூர் கந்தசுவாமி கோயிலுக்குக் காவடி சுமந்து வருவோரும், முருகன் தலங்களில் அலகு குத்திக்கொள்வோரும், மனநிலை வலியை மாற்றும் என்ற இதே உண்மைக்குச் சான்று. விரதமிருந்து மனம் ஏற்றுக்கொண்ட அலகும், நடுங்கிக்கொண்டே போட்டுக்கொள்ளும் ஊசியும் ஒன்றுபோல வலிப்பதில்லை. 1965இல் ஆய்வாளர்கள் ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் இதற்கு உடலியல் அடிப்படை தந்தனர். தண்டுவடத்தில் ஒரு கதவு போன்ற அமைப்பு உண்டு, மூளையிலிருந்து இறங்கும் சமிக்ஞைகள் அதைத் திறக்கவும் மூடவும் செய்யும் என்பது அவர்கள் கோட்பாடு.

வலியையே நினைத்துக்கொண்டிருத்தல், அதைப் பெரிதுபடுத்துதல், இனி ஒன்றும் செய்ய இயலாது எனச் சோர்தல் ஆகிய மூன்று எதிர்மறைப் போக்குகளையும் அளக்க உளவியலாளர் மைக்கேல் சல்லிவன் 1995இல் 13 கூற்றுகள் கொண்ட அளவுகோலை வகுத்தார். கடும் வலி உள்ளவர் கவலைப்படுவது இயல்புதானே, கவலை காரணமா விளைவா என்று கேட்பது நியாயமே. 2011இல் வெளியான நரம்பியலாளர் உல்ரிகே பிங்கல் குழுவின் சோதனை இதற்கு விடை தருகிறது. சூட்டு வலிக்கு வீரியமான மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே, மருந்தை நிறுத்திவிட்டதாகச் சொன்னதும் அதன் பயன் ஏறக்குறைய முழுதும் மறைந்தது. சூடும் மருந்தும் மாறவில்லை. எதிர்பார்ப்பு மட்டுமே மாறியது. அதோடு, அச்சத்தால் அசையாமல் கிடந்தால் தசை தளர்ந்து வலி மேலும் முற்றலாம். எண்ணம் வலியைக் கூட்டும் என்று சொல்வது நோயாளியின் மீதே பழி போடுவதாகாதா என்பது இன்னொரு மறுப்பு. கேளம்பாக்கம் உப்பளத்தில் உப்பு வாருபவரின் இடுப்பு வலியும், பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்களில் நாளெல்லாம் கணினி முன் அமர்பவரின் கழுத்து வலியும் உழைப்பு தந்தவை. அவற்றைக் கற்பனை என்பது அநீதி. எண்ணம் கூட்டிய வலியும் நரம்பில் நிகழும் மெய்யான வலியே. இன்று அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் படிப்படியான உடற்பயிற்சியும் இதற்கு அளிக்கப்படுகின்றன. தமக்கு வலிக்கிறது என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் எனப் பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்திய தன் வரையறைக் குறிப்பில் சேர்த்தது.