ரவுட்டர் இல்லாத பாடசாலையில் நெட்வேர்க் படிக்கலாமா? ஒரு சிறு வரலாறு



உயர்தரத்தில் ஐ.சி.டி. எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோர் எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சேர், ஸ்கூல்ல ரவுட்டரும் இல்ல, சுவிட்சும் இல்ல. வலையமைப்புப் பாடத்தைப் பிள்ளை எப்படிப் படிக்கிற?"

நியாயமான கேள்விதான். ஏழு அடுக்குகளின் பெயரையும் வரிசையாகச் சொல்லும் பிள்ளை, இரண்டு கணினிகளை இணைக்கச் சொன்னால் தடுமாறுகிறது. பரீட்சையில் புள்ளி கிடைக்கலாம், கையில் தொழில் கிடைக்காது. இதற்குப் பதில் சொல்லக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

1969 ஒக்டோபர் 29 இரவு. கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் சார்லி கிளைன் என்ற மாணவர், ஸ்டான்போர்ட் ஆய்வு நிறுவனத்திலிருந்த கணினிக்கு "லொகின்" என்ற சொல்லை அனுப்ப முயன்றார். முதல் இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்தன. அத்தோடு மறுபக்கக் கணினி விழுந்துவிட்டது. ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தின் பின்னர்தான் முழுமையாக இணைய முடிந்தது. இன்றைய இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் இப்படித்தான் தொடங்கியது. அந்த ஆண்டு முடியும்போது அதில் இருந்தவை நான்கே நிலையங்கள். வலையமைப்பைத் தொட்டுப் படிக்க வேண்டுமானால் அந்த நான்கில் ஒன்றில் நீங்கள் இருக்க வேண்டும்.

1971இல் ஹவாய் பல்கலைக்கழகம் வேறொரு வழி கண்டது. நம்மைப் போலக் கடல் சூழ்ந்த இடம் அது. தீவுகளுக்கிடையில் நல்ல தொலைபேசி இணைப்பு இல்லை. நோர்மன் ஏப்ரம்சனும் அவரது குழுவினரும் வானொலி அலையில் கணினிகளைப் பேச வைத்தார்கள். அதற்கு அலோஹாநெட் என்று பெயர். அந்த யோசனையிலிருந்து பாடம் எடுத்துத்தான் 1973இல் பொப் மெட்கால்ப் ஈதர்நெட்டுக்கு அடித்தளம் போட்டார். நமது பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்கும் ஈதர்நெட் அதுதான். வசதி இல்லாத இடத்தில் பிறந்த யோசனை உலகம் முழுவதற்கும் பயன்பட்டது.

இலங்கையிலும் 1990களின் ஆரம்பத்தில் வலையமைப்பு என்பது பல்கலைக்கழகங்களுக்கிடையிலான மின்னஞ்சல்தான். லேர்ன் என்ற பெயரில் அது வளர்ந்தது. பொதுமக்களுக்கான வணிக இணையச் சேவை 1995இல்தான் வந்தது. அந்தக் காலத்தில் கிராமத்துப் பாடசாலைப் பிள்ளைக்கு இது எட்டாக் கனி.

இனி சிமுலேஷனுக்கு வருவோம். உண்மையான பொருளைத் தொடாமல் அதைப் போன்ற ஒன்றில் பழகுவது கணினிக் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல. 1929இல் எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர், தரையிலிருந்தே விமானம் ஓட்டப் பழக ஒரு இயந்திரம் செய்தார். அதைப் பலரும் பெரிதாக எடுக்கவில்லை. 1934இல் அமெரிக்க இராணுவ விமானிகள் தபால் கொண்டு செல்லும் வேலையை ஏற்று, மோசமான காலநிலையில் பலர் இறந்தார்கள். அதன் பிறகுதான் இராணுவம் அந்த இயந்திரத்தை வாங்கியது. விழுந்தாலும் உயிர் போகாத இடத்தில் முதலில் விழுந்து பழகட்டும் என்பதே அதன் தத்துவம்.

கணினி வலையமைப்பிலும் அதே வழி வந்தது. 1980களின் இறுதியில் பெர்க்லியில் கேசவ் என்ற ஆய்வாளர் "ரியல்" என்ற சிமுலேட்டரை எழுதினார். அதிலிருந்து "என்.எஸ்." என்ற வரிசை வளர்ந்தது. ஆனால் இவை ஆய்வாளர்களுக்கானவை. வகுப்பறைக்கு வந்தது பெக்கட் ட்ரேசர். சிஸ்கோ நிறுவனம் 1997இல் தனது நெட்வேர்க்கிங் அகடமியை ஆரம்பித்ததன் பின்னணியில், பாடசாலைகளில் கருவிகள் இருந்தும் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாத நிலை இருந்தது. அந்த அகடமி மாணவர்களுக்காகவே பெக்கட் ட்ரேசர் உருவானது. இன்று ஒரு கணக்குத் திறந்தால் இலவசமாகவே எடுக்கலாம். பதிவிறக்கவும் கணக்கில் நுழையவும் இணைப்பு வேண்டும். மற்றப்படி கட்டிப் பார்ப்பதெல்லாம் கணினிக்குள்ளேயே நடக்கும்.

அதில் பிள்ளை என்ன படிக்கிறது? ஒரு உதாரணம். நடுவில் ஒரு ரவுட்டர், இரண்டு பக்கமும் ஒவ்வொரு சுவிட்ச், அவற்றில் ஒவ்வொரு கணினி. ஐ.பி. முகவரிகளையும் கேட்வேயையும் சரியாகக் கொடுத்துவிட்டு ஒரு கணினியிலிருந்து மற்றதற்கு "பிங்" பண்ணச் சொல்லுங்கள். அனேகமாக முதல் பொதி தோற்கும், அடுத்தவை போய்ச் சேரும். பிள்ளை "பிழைச்சிட்டு சேர்" என்று சொல்லும். பிழைக்கவில்லை. ஐ.பி. முகவரி தெரிந்தால் மட்டும் போதாது. அடுத்த இயந்திரத்தின் மெக் முகவரியும் வேண்டும். அதை ரவுட்டர் "இந்த ஐ.பி. யாருடையது?" என்று சத்தமாகக் கேட்டு அறிகிறது. பதில் வரும்வரை வந்த பொதியை அது கைவிட்டுவிடுகிறது. இந்த விசாரிப்பு முறைதான் 1982இல் டேவிட் பிளம்மர் எழுதிய ஏ.ஆர்.பி. சிமுலேஷன் முறையில் அந்த விசாரிப்பு ஒரு சின்னக் கடித உறையாகப் போய்த் திரும்பி வருவதைக் கண்ணால் காணலாம். உண்மையான கேபிளில் எந்தப் பணக்காரப் பாடசாலையிலும் அதைக் காண முடியாது.

அந்த "பிங்" கட்டளைக்கும் ஒரு கதை உண்டு. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்பவர், தனது வலையமைப்பில் வந்த ஒரு கோளாறைக் கண்டுபிடிக்க எழுதிய சிறு நிரல் அது. நீர்மூழ்கியின் சோனார் எழுப்பும் ஒலியே அதன் பெயரானது. 2000ஆம் ஆண்டு ஒரு வீதி விபத்தில் அவர் இறந்தார். அவரது நிரலை இன்றும் உலகம் நாள்தோறும் பயன்படுத்துகிறது. பயனுள்ள அறிவை விட்டுச் செல்வது என்றால் இதுதான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. திரையில் கேபிள் ஒரே கிளிக்கில் இணையும். நிஜத்தில் எட்டு வயர்களையும் நிற வரிசையில் அடுக்கி, கனெக்டரில் நுழைத்து, கிரிம்ப் பண்ண விரல் பழக வேண்டும். ரவுட்டர் பெட்டிக்குள் எறும்பு புகுவதையும், மின்சாரம் போய் வருவதையும் எந்த மென்பொருளும் கற்றுத் தராது. அதனால் சிமுலேஷன் பாதி, கைவேலை பாதி. ஆனால் முதல் பாதிக்குக் காசு தடையில்லை என்பதே நாம் சொல்ல வருவது.

ஆகவே பெற்றோரிடமும் ஊரின் இளைஞர்களிடமும் ஒரு வேண்டுகோள். வீட்டில் தூசு பிடித்துக் கிடக்கும் மடிக்கணினி ஒன்று இருந்தால், அதைப் பழைய சாமானுக்குப் போடுமுன் ஊர் வாசிகசாலைக்கோ பாடசாலைக்கோ கொடுங்கள். ஓடுமா ஓடாதா என்று நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நான்கு பிள்ளைகள் ஒரு திரையைச் சுற்றி உட்கார்ந்து, முதல் பொதி ஏன் தோற்றது என்று வாதாடட்டும். அர்பாநெட்டும் இரண்டு எழுத்தோடு விழுந்து எழும்பித்தான் வளர்ந்தது.