சேப்பாக்கத்தில் எத்தனை இடம்?

கிரிக்கெட்டைப் பற்றிச் சண்டை போடுகிறவர்களை எங்கும் காணலாம். கிரிக்கெட் பார்க்க உட்காரும் பெஞ்சியைப் பற்றிச் சண்டை போட்டவர்களை நான் கொல்லிமலையில்தான் கண்டேன். 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, தலைசுற்றலோடு செம்மேட்டில் இறங்கித் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். மிளகு வியாபாரம் செய்யும் பெரியவர் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்:

"பழைய சேப்பாக்கத்துல நெருக்கி உக்காந்தா இன்னும் நாலு பேருக்கு இடம் இருந்துச்சு தம்பி. இப்ப நாற்காலிக்கு நெம்பர் போட்டுட்டாங்க."

"நீங்க பாதி ஆட்டம் தூணைத்தான் பாத்துட்டு வந்திருப்பீங்க, ஐயா" என்றான் எதிரே இருந்த பையன்.

இரண்டு பேர் சொன்னதும் வாஸ்தவம்.

சென்னைக் கிரிக்கெட் கிளப் 1846-ல் தோன்றியது. சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் பந்தயம் 1934 பிப்ரவரியில், ஜார்டினின் இங்கிலாந்துக் கோஷ்டியோடு நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் ரஞ்சிப் போட்டியின் முதல் ஆட்டமும் இங்கேதான்; சென்னையும் மைசூரும் மோதி ஒரே நாளில் முடிந்துபோயிற்று. 1952-ல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டதும் இந்த மண்ணில்தான். வினூ மன்கட் 12 விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஆட்டம் தொடங்கிய அன்றே ஆறாம் ஜார்ஜ் மன்னர் காலமான செய்தி வர, மறுநாளை ஓய்வு நாளாக மாற்றினார்கள்.

பிறகு சேப்பாக்கத்துக்கு ஒரு வனவாசம். 1956 முதல் 1965 வரை சென்னை டெஸ்டுகள் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நடந்தன. மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ஓட்டம் குவித்த இடம் அது. பின்னால் நேரு ஸ்டேடியம் என்று பெயர் பெற்று, 1993-ல் புதிதாய்க் கட்டப்பட்டு, கால்பந்துக்கும் ஓட்டப்பந்தயத்துக்கும் உரியதாகிவிட்டது. சேப்பாக்கம் 1967 ஜனவரியில் டெஸ்டைத் திரும்பப் பெற்றது.

அப்புறம் எழுந்த கான்கிரீட் அரங்கத்தை 50,000 பேர் கொள்ளும் என்று சொல்லிவந்தார்கள். தூண்கள் கண்ணை மறைக்கும்; பக்கத்திலேயே கடல் இருந்தும் காற்று உள்ளே வராது. 1999-ல் பாகிஸ்தான் 12 ஓட்டத்தில் ஜெயித்தபோது எழுந்து நின்று கைதட்டியவர்கள் அந்தப் புழுக்கத்தில் வெந்தவர்கள்தாம். அந்தக் கைதட்டலுக்காகவே அரங்கத்தின் குறைகளை மன்னிக்கலாம் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அந்த வெயிலில் ஐந்து நாள் உட்கார்ந்தவன் அப்படிச் சொல்வானா என்பது சந்தேகம்.

2011 உலகக் கோப்பைக்காகப் புதுப்பித்தார்கள். லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் மவுண்ட் ஸ்டாண்டுக்குக் கூடாரக் கூரை வேய்ந்த ஹாப்கின்ஸ் நிறுவனமே இங்கும் சென்னைச் சிற்பிகளோடு சேர்ந்து வரைபடம் போட்டது. தூண் போயிற்று, காற்று வந்தது. ஐ, ஜே, கே என்று மூன்று புது மாடங்கள், 12,000 இருக்கைகள். எல்லாம் சரி. பக்கத்தில் கிளப்பின் உடற்பயிற்சிக் கூடம் நெருக்கி நின்றது. சுற்றி விடவேண்டிய இடம் போதவில்லை. அனுமதித் தகராறு நீதிமன்றம் ஏறியது. மாடங்கள் ஆண்டுக்கணக்கில் பெரும்பாலும் பூட்டியே கிடந்தன. வெளியே விடியுமுன் டிக்கெட்டுக்கு வரிசை. உள்ளே 12,000 நாற்காலிகளில் தூசி! 2019-ல் ஐ.பி.எல். இறுதி ஆட்டம் ஹைதராபாத்துக்குப் போனதற்கும் இந்தப் பூட்டுத்தான் காரணம்.

கட்டடம் பழமையானது என்பதற்காகக் காப்பாற்றவேண்டும் என்று வாதாடுகிறவன் நான். ஆனாலும் ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்காக நான் கண்ணீர் விடத் தயாரில்லை. அது இடிக்கப்பட்டது. மாடங்கள் திறந்தன. அண்ணா பெவிலியனையும் இடித்துக் கட்டினார்கள். 2023 மார்ச்சில் கலைஞர் கருணாநிதி பெயரில் புது மாடம் திறக்கப்பட்டது. இப்போது சுமார் 38,000 இடம்.

"அப்படின்னா 12,000 பேர் குறைஞ்சு போச்சு" என்றார் பெரியவர் விடாமல். கணக்கு சரிதான். எல்லோருக்கும் முதுகு சாய இடம் கிடைத்திருக்கிறது. மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து, சேலம் போய் ரயிலேறி வருகிறவனுக்கு டிக்கெட் கிடைக்குமா என்பதைத்தான் அவர் கேட்டார். பையன் அதற்கு மட்டும் பதில் சொல்லாமல் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தான்.