கோரல் ஆலை வேலைநிறுத்தமும் நம் மனச்சான்றும்

நாடு தழுவிய வேலைநிறுத்தம் என்று நாளிதழில் செய்தி வந்தவுடன் சாயர்புரத்திலும் தூத்துக்குடியிலும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "பேருந்து ஓடுமா?" என்பதுதான். வங்கி திறக்குமா, பள்ளிக்கு விடுமுறையா என்பவை அடுத்து வரும். 2025ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் பத்து மத்தியத் தொழிற்சங்கங்கள் சேர்ந்து அழைப்பு விடுத்தபோதும் இவையே கேட்கப்பட்டன. அன்று வேலைக்குப் போகாத ஒருவன் தன் ஒருநாள் கூலியை ஏன் இழந்தான், அன்றிரவு அவன் வீட்டில் உலை ஏறிற்றா என்று கேட்டவர் சிலரே. இந்தக் கேள்வியை ஓர் ஊர் முழுவதும் கேட்ட காலம் ஒன்று உண்டு. அந்த ஊர் வேறெதுவுமன்று, நம் தூத்துக்குடியே.

1908ஆம் ஆண்டின் தூத்துக்குடியை எண்ணிப் பார்ப்போம். கொழும்புக்குக் கப்பல் செல்லும் துறைமுகம், முத்துக்குளிப்பின் பழம்புகழ், உப்பளங்கள், பருத்திக் கிடங்குகள். இவற்றோடு, ஹார்வி சகோதரர் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர் 1888இல் நிறுவிய கோரல் பஞ்சாலை. நெல்லைச் சீமையின் கரிசல் நிலத்தில் விளைந்த பருத்தி அங்கே நூலாயிற்று. பனங்காட்டு ஊர்களிலும் மானாவாரி ஊர்களிலும் பிழைக்க வழியின்றி வந்தவர்களுக்கு இரண்டு வாசல்கள் திறந்திருந்தன. ஒன்று, தேயிலைத் தோட்டங்களுக்கு ஆளேற்றிச் சென்ற இலங்கைக் கப்பல். மற்றொன்று, ஆலைக் கதவு. சாயர் என்னும் வணிகர் நிலம் வாங்கிக் கிறிஸ்தவ மக்களைக் குடியமர்த்தியதும், 1842இல் போப் ஐயர் வந்து கல்விக்கூடம் கண்டதுமான சாயர்புரத்தைச் சுற்றிய நாட்டுப்புறத்திற்கும் இதே நிலைமைதான். பனை சில மாதங்கள்தாம் சோறு போடும். வயிறோ பன்னிரண்டு மாதமும் கேட்கும்.

ஆலைக்குள் வேலை விடியுமுன் தொடங்கி இருட்டிய பின்னரே முடிந்தது. வார விடுமுறை கிடையாது. கூலி குறைவு, அடியும் வசையும் அதற்கு மேல். வளர்ந்த ஆண் தொழிலாளி பஞ்சாலையில் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் உழைக்கலாகாது என்று சட்டம் வகுத்ததே 1911இல்தான். தொழிற்சங்கம் என்ற ஒன்றைச் சட்டம் ஏற்றுக்கொண்டதோ 1926இல். ஆகவே 1908இல் அந்தத் தொழிலாளருக்குச் சங்கமும் இல்லை, சட்டத்தின் போதிய காவலும் இல்லை.

இந்நிலையில்தான் வழக்கறிஞர் வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களிடம் பேசத் தொடங்கினர். 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி ஆங்கிலேயரின் கடல் வாணிகத்தை எதிர்த்தவர் வ.உ.சி. கூலி உயர்வும் வார விடுமுறையும் மற்றைய விடுமுறைகளும் கேட்டு, பிப்ரவரி 27ஆம் நாள் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியே நின்றனர்.

வரலாற்று நூல்கள் இந்நிகழ்ச்சியைச் சொல்லும்போது தலைவர்களின் பேச்சாற்றலைப் பெரிதும் போற்றுகின்றன. அது தகும். ஆனால் பேச்சு ஒரு மாலைப் பொழுதுக்குப் போதும். மறுநாள் காலையில் குழந்தை பசித்து அழும்போது பேச்சு உதவாது. அன்றாடங்காய்ச்சிக்கு மூன்றாம் நாளே கை நடுங்கும். நிர்வாகம் நம்பியிருப்பதும் அந்த மூன்றாம் நாளைத்தான். கோரல் ஆலைத் தொழிலாளர் அந்த நாளை எப்படிக் கடந்தனர்?

ஊர் அவர்களைக் கடத்திற்று. வ.உ.சி. தம் பொருளைச் செலவிட்டார். வணிகரிடமும் வழக்கறிஞரிடமும் பணம் திரட்டினார். வேலையிழந்து நின்றோருக்கு உணவு வழங்கப்பட்டது. சிலருக்கு வேறு வேலை தேடித் தரப்பட்டது. கடைத்தெரு அவர்கள் பக்கம் நின்றது. நாவிதரும் சலவைத் தொழிலாளரும் ஆலைக்கு ஆதரவானவர்களுக்கு வேலை செய்ய மறுத்தனர். ஆங்கிலேயருள் சிலர் ஊருக்குள் இரவைக் கழிக்க அஞ்சினர் என்னும் அளவுக்கு ஊரின் முகம் மாறியிருந்தது. மார்ச் மாத முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. ஐரோப்பியரின் மற்ற நிறுவனங்களில் வேலை செய்தவர்களுக்கும் இதன் பயன் எட்டியது. கல்கத்தாவிலிருந்து அரவிந்தரின் 'வந்தே மாதரம்' ஏடு இவ்வெற்றியைப் பாராட்டி எழுதியது.

வெற்றியின் மகிழ்ச்சி ஒரு வாரம் நிலைக்கவில்லை. மார்ச் 12ஆம் நாள் வ.உ.சி.யும் சிவாவும் அவர்களோடு பத்மநாப அய்யங்காரும் சிறைப்படுத்தப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். இப்போது தூத்துக்குடியில் நடந்ததை நாம் கருத்தூன்றி நோக்க வேண்டும். கோரல் ஆலைத் தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். இம்முறை அவர்கள் கூலி கேட்கவில்லை, விடுமுறை கேட்கவில்லை. தங்களுக்காகப் பேசியவர் சிறையில் இருக்கையில் தாங்கள் தறியருகே நிற்கலாகாது என்று எண்ணினர். திலகர் தண்டிக்கப்பட்டபோது பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்ததை நாடு நன்கறியும். அது 1908 ஜூலையில் நிகழ்ந்தது. நம் கடற்கரை நகரம் நான்கு மாதம் முந்திக்கொண்டது. ஊர் தொழிலாளிக்குச் செய்ததைத் தொழிலாளி ஊருக்குத் திருப்பிச் செய்தான் என்றே இதைக் கொள்ள வேண்டும்.

விலையும் பெரிது. ஜூலை 7ஆம் நாள் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டு, 1912 டிசம்பரில் அவர் விடுதலையானார். இடையில் கோவைச் சிறையில் செக்கிழுத்தார். அவருடைய கப்பல் நிறுவனம் அழிந்தது. வெளியே வந்தபின் வறுமை அவரை விடவில்லை. இன்று துறைமுகம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. அந்த ஒன்பது, பத்து நாள் பட்டினியைப் பகிர்ந்துகொண்ட பெண்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

இந்த வரலாற்றை வெள்ளை வெளேரென்று மட்டும் பார்ப்பது நேர்மையாகாது. ஆலைக்கு ஆதரவாகப் பேசியவருக்குப் பாதி முகம் மழித்து எழுந்துபோன நாவிதரின் கதையை நாம் சிரித்துக்கொண்டே சொல்கிறோம். ஆனால் ஊர் விலக்கு என்பது இருபுறமும் கூரான வாள். நீதிக்காக இன்று வீசப்படுவது, நாளை எளியவன் மீதே வீசப்படலாம். நம் சிற்றூர்கள் இதை நன்கறியும். திருநெல்வேலியில் பொதுக் கட்டடங்களுக்கு மூட்டப்பட்ட நெருப்பையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஒற்றுமைக்கும் வற்புறுத்தலுக்கும் இடையேயுள்ள கோடு மெல்லியது. அந்தக் கோட்டைக் காப்பதுதான் மனச்சான்றின் பணி. வேலைநிறுத்தம் தவிர்க்க இயலாததாயும் நேரிய பயன் கருதியதாயும் இருக்கும்போது அது முறையானது என்றும், வன்முறை கலந்தால் அந்த நேர்மையை இழக்கிறது என்றும் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு போதிப்பது இதனால்தான்.

கோரல் ஆலை நிகழ்ச்சிக்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே, 1891 மே 15ஆம் நாள், சிங்கராயர் என்று நம் முன்னோர் அழைத்த திருத்தந்தை 13ஆம் லியோ, 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை எழுதினார். நீண்ட வேலை நேரமும் கடும் உழைப்பும் போதாத கூலியுமே வேலைநிறுத்தங்களுக்குக் காரணம் என்பதை அவர் மறைக்கவில்லை. வேலைநிறுத்தத்தைத் தடுக்கச் சிறந்த வழி அந்தக் காரணங்களை முன்கூட்டியே களைவது என்றார். தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமை இயற்கையிலிருந்தே வருவது, அரசு தந்து அரசு பறிப்பதன்று என்றார். ஞாயிறு ஓய்வை வலியுறுத்தினார். தூத்துக்குடி ஆலைவாசலில் கேட்கப்பட்டதும் உரோமையில் எழுதப்பட்டதும் ஒன்றுபோலவே இருந்தன. 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை 14ஆம் லியோ, தாம் அப்பெயரை ஏற்றதற்கு அந்தச் சுற்றுமடலும் ஒரு காரணம் என்று அறிவித்தது நமக்கெல்லாம் நினைவிருக்கும்.

வார ஓய்வு கேட்பது புதிய பழக்கமுமன்று. விடுதலைப்பயண நூலைத் திறந்து பாருங்கள். மோசே பார்வோனிடம் முதலில் கேட்டது நாட்டையன்று. பாலைநிலத்தில் ஆண்டவரை வழிபட மூன்று நாள் பயணம். பார்வோன் சொன்ன மறுமொழி என்ன? இவர்கள் சோம்பேறிகள் என்றான். வைக்கோலை நிறுத்திவிட்டு, செங்கல்லின் எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது என்றான். ஓய்வு கேட்பவனைச் சோம்பேறி என்று அழைக்கும் வழக்கம் அவ்வளவு பழையது! பின்னர் இணைச்சட்ட நூல் ஓய்வுநாளை விதிக்கும்போது, வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போல ஓய்ந்திருக்க வேண்டும், நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தாய் என்று நினைவூட்டுகிறது. ஓய்வு என்பது அடிமைத்தளை அறுந்ததன் அடையாளம். ஞாயிறு திருப்பலிக்கு நாம் சென்று வரும் வழியில் ஒருவர் கூலியின்றி ஓய்வெடுக்க இயலாமல் உழைத்துக்கொண்டிருந்தால், நம் ஞாயிறு இன்னும் முழுமை பெறவில்லை.

இக்கடற்கரையில் திருச்சபை இத்தகைய குரலைத் தொடக்கத்திலேயே கேட்டது. புனித சவேரியார் 1544இல் எழுதிய மடல்களில், தம் மக்களைத் துன்புறுத்திய போர்த்துக்கீசியத் தளபதியைக் கண்டித்தார். அத்தளபதி தம் சமயத்தவர், போர்த்துக்கீசிய அரசின் ஊழியர் என்பது அவர் வாயை அடைக்கவில்லை.

ஓர் ஊரின் வேலைநிறுத்தம் நாடளாவியதாக விரியும்போது என்ன ஆகிறது? 1974 மே 8ஆம் நாள் தொடங்கிய இரயில்வே வேலைநிறுத்தம் அதற்குச் சான்று. ஏறத்தாழ 17 இலட்சம் பேர் ஈடுபட்ட அப்போராட்டத்தின் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ், இளமையில் பெங்களூர் குருமடத்தில் பயின்றவர். எஞ்சின் ஓட்டுநருக்கு எட்டு மணி வேலையும், ஊழியருக்குப் போனசும் கோரிக்கைகளுள் இருந்தன. அரசு ஆயிரக்கணக்கானோரைச் சிறையிலிட்டது. அதனினும் கொடிது, இரயில்வே குடியிருப்புகளிலிருந்து குடும்பங்களை வெளியேற்றியது. தொழிலாளியின் உறுதியை முறிக்க வேண்டுமானால் அவன் வீட்டைத் தொடவேண்டும் என்பதை ஆள்வோர் அறிந்திருந்தனர். இருபது நாளில் போராட்டம் முடிவுற்றது. 1908இல் தூத்துக்குடி காத்ததை, 1974இல் இவ்வளவு பெரிய நாடு காக்கவில்லை. ஆயினும் வேலையிழந்தோர் 1977க்குப் பின் திரும்ப எடுக்கப்பட்டனர். 1979இல் போனசும் வந்தது. விதைத்தவர் பலர் அறுவடையைக் காணாமலே காத்திருந்தனர்.

2025இன் பொது வேலைநிறுத்தத்தில் முதன்மையாக எதிர்க்கப்பட்டவை நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள். 29 மத்தியச் சட்டங்களை ஒன்றாக்கிய இவை, அதே ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்தன. சட்டங்களை எளிமையாக்கியுள்ளோம், குறைந்தபட்சக் கூலியையும் சமூகப் பாதுகாப்பையும் விரிவாக்கியுள்ளோம் என்கிறது அரசு. எந்தத் தொழிற்கூடமாயினும் பதினான்கு நாள் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் செய்யலாகாது, பாதிப் பேர் ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே, 300க்குக் குறைவானோர் உள்ள ஆலை அரசின் முன் இசைவின்றி ஆட்குறைப்புச் செய்யலாம் என்னும் விதிகளைச் சுட்டுகின்றன சங்கங்கள். இருபக்க வாதங்களையும் படித்தறிவது நம் கடமை. ஆனால் ஒரு கேள்வியை நாம் விடலாகாது: பேசும் வலிமையற்றவனின் கை இதனால் வலுப்படுகிறதா, தளர்கிறதா?

ஏனெனில் நம் மறைவட்டங்களில் உழைப்போருள் பெரும்பாலோருக்கு முன்னறிவிப்புக் கொடுக்கச் சங்கமே கிடையாது. உப்பளத்தில் வெறுங்காலுடன் நிற்கும் பெண்ணுக்கு மழைக்காலம் வந்தால் வேலை இல்லை. அது அவள் கேளாமலே வரும் வேலைநிறுத்தம். அம்மாதங்களுக்குத் தமிழ்நாடு அரசு உதவித்தொகை வழங்கத் தொடங்கியிருப்பது நன்று. ஆயினும் கூலியுடன் வார விடுமுறை என்பது, 1908இல் கேட்கப்பட்ட அதே கோரிக்கை, அவளுக்கு இன்னும் எட்டாக்கனியே.

ஆகவே நாம் செய்யத்தக்கது என்ன? எல்லாப் போராட்டத்துக்கும் கொடி பிடிக்க வேண்டும் என்பதன்று. பெல்ஜியத்தில் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கிய கார்டைன் அடிகளார், பார்த்தல், சீர்தூக்கல், செயல்படல் என்று மூன்று படிகளைக் காட்டினார். நம் பங்கில் நாட்கூலிக்குச் செல்வோர் எத்தனை பேர் என்று முதலில் பார்ப்போம். அவர்கள் கேட்பது நேரியதா என்று சீர்தூக்குவோம். நேரியதெனில், அவர்கள் வெளியே நிற்கும் நாளில் பங்கின் அன்பிய அரிசிப்பையும் வின்சென்ட் தே பவுல் சபையின் கையும் அவர்கள் வாசலை எட்டட்டும். நம் வீட்டில் வேலை செய்வோருக்கும், நம் கடையில் நிற்போருக்கும் வார விடுமுறை தருகிறோமா என்பதையும் கேட்டுக்கொள்வோம். இது எல்லாவற்றிலும் கடினமான படி.

அடுத்த முறை நாடு தழுவிய வேலைநிறுத்தம் அறிவிக்கப்படும்போது பேருந்து ஓடுமா என்று கேட்பதில் குற்றமில்லை. மருத்துவமனைக்குச் செல்வோருக்கும் தேர்வு எழுதுவோருக்கும் அது கேட்கத்தக்க கேள்வியே. அதனோடு இன்னொன்றையும் கேட்போம்: "அவர்கள் வீட்டில் இன்று உலை ஏறிற்றா?" கோரல் ஆலைத் தொழிலாளர் வென்றது இந்த இரண்டாம் கேள்வியை ஊரார் கேட்டதனால்தான்.