கையால் எழுதிய போர்டிங் பாஸ்: விமான நிலையக் கணினிமயமும் பொது முறிவும்

2024 ஜூலை 19 அன்று ஹைதராபாத்திலும் வேறு பல இந்திய விமான நிலையங்களிலும் இண்டிகோ ஊழியர்கள் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கிய நாள் அது. அந்தச் சீட்டுகளின் படங்கள் வேடிக்கையாகப் பரவின. ஆனால் கணினி விமான நிலையத்தை என்ன செய்திருக்கிறது என்பதற்கு, முகத்தைக் காட்டினால் திறக்கும் கதவைவிட அந்தச் சீட்டே நல்ல சான்று. கணினியால் வந்த வேகம் பெருமளவு, ஒரே அமைப்பைப் பலர் பகிர்ந்துகொண்டதால் வந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் முடங்கும் ஆபத்தும் அதே பகிர்வில்தான் இருக்கிறது. வேகத்தின் பலனை எல்லாரும் கணக்கில் எழுதுகிறார்கள், ஆபத்தின் செலவை யாரும் எழுதுவதில்லை.

பகிர்வின் வரலாறு 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் தொடங்குகிறது. கூட்டத்தைச் சமாளிக்க அங்கே விமானத் துறைக்குத் தகவல்தொடர்புச் சேவை தரும் சீட்டா (SITA) நிறுவனம் பொதுப் பயன்பாட்டு முனையங்களை அமைத்தது. அதற்கு முன் விமான நிறுவனங்கள் தத்தம் கவுன்ட்டரில் தத்தம் கருவிகளையே வைத்திருந்தன. அதன்பின் ஒரே கவுன்ட்டரில் காலையில் ஒரு நிறுவனமும் மாலையில் இன்னொன்றும் செக்-இன் நடத்தலாம் என்றானது. கட்டடத்தை நீட்டாமலே கொள்ளளவு கூடியது. 2008 ஜூன் 1 முதல் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் தன் உறுப்பினர்களிடையே காகித டிக்கெட்டுக்கு முடிவுகட்டியது. சிக்கனம் என்று மட்டும் இதைப் பார்ப்பது போதாது. பழைய டிக்கெட்டின் தாளே பயண உரிமை. இன்று நம் கையிலிருக்கும் அச்சு, எங்கோ ஒரு சர்வரில் உள்ள பதிவின் நகல். மூலம் எட்டாதபோது நகலை மட்டும் வைத்துக்கொண்டு விமானத்தை எளிதில் நிரப்ப முடியாது.

பலன் பொய்யன்று. சீட்டாவின் கணக்குப்படி 2007இல் ஆயிரம் பயணிகளுக்கு ஏறத்தாழ 19 பெட்டிகள் தவறிப்போயின அல்லது தாமதமாயின. 2024இல் அது 6.3. பழைய முறைக்கே திரும்பலாம் என்பவர்கள் இந்த எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் முறிவின் இயல்பு மாறிவிட்டது. டென்வர் விமான நிலையம் 1995 பிப்ரவரியில், குறித்த நாளுக்குப் பதினாறு மாதம் பிந்தித் திறந்ததற்கு அதன் தானியங்கிப் பெட்டி கடத்தும் அமைப்பு முக்கியக் காரணம். பெரும் பண விரயம், ஆனால் அது டென்வரின் துயரமாகவே நின்றது. 2025 செப்டம்பர் 19 இரவு பல நிறுவனங்கள் பகிரும் செக்-இன் மென்பொருளான காலின்ஸ் ஏரோஸ்பேஸின் 'மியூஸ்' பணயநிரல் (ரான்சம்வேர்) தாக்குதலுக்கு உள்ளானபோது ஹீத்ரோ, பிரஸ்ஸல்ஸ், பெர்லின் மூன்றும் சேர்ந்து தடுமாறின. பிரஸ்ஸல்ஸ் நிர்வாகம் திங்கட்கிழமைப் புறப்பாடுகளில் பாதியை ரத்துசெய்யும்படி விமான நிறுவனங்களைக் கேட்டது. ஹீத்ரோவிலோ, மாற்று ஏற்பாடு வைத்திருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் பெரிய பாதிப்பின்றி இயங்கியது. ஒரே விமான நிலையம், ஒரே தாக்குதல். தனியே செலவழித்து இரண்டாவது வழியை வைத்திருந்தவர் தப்பினார்.

கையால் செய்வதில் மிகக் கடினமானது சீட்டு எழுதுவதன்று, பெட்டியையும் ஆளையும் பொருத்துவது. 1985 ஜூன் 23 அன்று 329 உயிர்களைப் பறித்த ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமான வெடிப்பில், குண்டு இருந்த பெட்டி விமானத்தில் ஏறியது, பெட்டிக்குரியவர் ஏறவில்லை. ஆள் ஏறாவிட்டால் பெட்டியும் போகக் கூடாது என்ற விதி அதன் பிறகே உலகளவில் இறுகியது. கணினி இல்லாதபோது இதற்குப் 'பிங்கோ தாள்' என்றொரு பழைய வழி உண்டு: பெட்டியின் பட்டையிலிருந்து சிறு ஒட்டுத்துண்டை உரித்துத் தாளில் ஒட்டிக்கொண்டே போய், கடைசியில் ஏறியவர் பட்டியலுடன் ஒப்பிடுவார்கள். மெதுவான வேலைதான், ஆனால் நம்பலாம், பழகியவர்கள் இருக்கும்வரை. ஒப்பந்த ஊழியர்கள் அடிக்கடி மாறும் தரைப்பணியில் அந்தப் பழக்கம் யாரிடம் தங்கும்?

2022 டிசம்பர் 1 அன்று டில்லி, பெங்களூரு, வாராணசியில் தொடங்கிய, முகத்தை அடையாளம் கண்டு மின்கதவைத் திறக்கும் டிஜியாத்ரா பற்றிய விவாதம் பெரும்பாலும் அந்தரங்க உரிமையைச் சுற்றியே நடக்கிறது. அது தேவையான விவாதம். ஆனால் அந்த மின்கதவு முகத்தோடு சேர்த்து விமான நிறுவனத்தின் பயணிப் பதிவையும் சரிபார்த்துத்தான் திறக்கிறது என்பது பேசப்படவில்லை. பதிவு முடங்கினால் அது வெறும் கதவு.

ஏன் பெரும்பாலோர் மாற்று வழியில் முதலிடுவதில்லை? ஒரு காரணம் கட்டண விதியில் இருக்கிறது. இந்தியாவின் பெரிய விமான நிலையங்களில் இயந்திரத்துக்குச் செய்த செலவு சொத்துக் கணக்கில் சேர்ந்து, கட்டணத்தின் வழியே ஈட்டம் தரும். கூடுதலாக வைத்திருக்கும் ஆளுக்கு அப்படி ஈட்டம் எதுவும் இல்லை. அவர் நடப்புச் செலவு. சிக்கனம் பேசும்போது முதலில் வெட்டப்படுபவர். செக்-இன் ஊழியரோ விமான நிறுவனத்தின் அல்லது தரைப்பணி நிறுவனத்தின் பொறுப்பு. ஆக, கணினியால் லாபம் பெறுபவர் ஒருவர், அது நின்றால் பேனா எடுக்க வேண்டியவர் இன்னொருவர்.

2025 நவம்பர் 6, 7 தேதிகளில் டில்லியில் பறப்புத் திட்டங்களைக் கடத்தும் தானியங்கித் தகவல் அமைப்பு பழுதானது. வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் அத்திட்டங்களைக் கையால் கையாண்டார்கள். 800க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. செய்திகள் அதைத் தோல்வி என்றன. என் பார்வையில் அது மாற்று வழி ஒழுங்காக வேலைசெய்த நாள்: கருவி போனதும் வேகத்தைக் குறைக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அந்தப் பயிற்சி கட்டுப்பாட்டாளரின் தொழிலிலேயே உண்டு. செக்-இன் கவுன்ட்டரில் இருப்பவருக்கு அதைக் கட்டாயமாக்க வேண்டும். விமான நிலையங்கள் விபத்துக்கால ஒத்திகையை, முறைக்கேற்ப இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது முழு அளவில் நடத்த வேண்டும் என்று பன்னாட்டு விதி இருக்கிறது. அதுபோலவே ஒவ்வொரு விமான நிறுவனமும் குறித்த காலத்துக்கு ஒருமுறை ஒரு விமானத்தைப் பதிவுக் கணினியின்றி ஏற்றி அனுப்பி, எடுத்த நேரத்தை ஒழுங்குமுறை அமைப்பிடம் அளிக்கலாம். ஒன்று பிந்தினால் அதே விமானத்தின் அடுத்த பயணங்களும் பிந்தும் என்று நிறுவனங்கள் மறுக்கும். நியாயமான மறுப்புதான், ஆனால் ஒத்திகைக்கு அந்த விமானத்தின் அன்றைய கடைசிப் பயணத்தைத் தேர்ந்தால் அதற்கும் இடமில்லை.